மொட்டை டயரும் பட்டறை அறிவும்

போடிநாயக்கனூரில் நண்பர் ஒருவரின் வீட்டில் கூடி, இரண்டு நாள் நாவலின் வடிவம் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். முதல்நாள் இரவுப் பேச்சு நீண்டு, பிறகு உறக்கமும் பிடிக்காமல், விடிவதற்கு முன்பே தேநீர்க் கடை தேடித் தெருவில் இறங்கினோம். கடைக்கு எதிரே ஜீப்புகள் வரிசையாக நின்றன. மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் கையில் தூக்குச்சட்டியும் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் பதினைந்து பேருக்குக் குறையவில்லை.

ஒரு ஜீப் மட்டும் புறப்படாமல் நின்றது. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த வயதான மெக்கானிக் ஒருவர் பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மாட்டின் விலாவைத் தடவிப் பார்ப்பவரைப் போல.

“இதுல போகாத தம்பி. ஸ்டெப்னிய மாட்டு.”

“ஸ்டெப்னி இதுக்கு மேல மொட்டை மேஸ்திரி. இன்னிக்கு ஒரு நடை மட்டும் போய்ட்டு வந்துர்றேன்.”

“ஒரு நடைக்குத்தான் நானும் சொல்றேன்.”

உள்ளே இருந்த பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. “ஏப்பா, நேரங்கழிச்சுப் போனா கங்காணி அரைநாள் போட்ருவான், சட்டுனு விடு” என்று ஓர் அம்மாள் சத்தம் போட்டார். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பட்டறைக்குள் போய், யாருடைய வண்டிக்கோ எடுத்து வைத்திருந்த டயரை உருட்டிக்கொண்டு வந்தார். இருபது நிமிடம் தாமதமாக அந்த ஜீப் மலையேறியது.

நாவலின் வடிவம் அன்று பின்னுக்குப் போய்விட்டது. காலை முழுவதும் நாங்கள் அந்தப் பட்டறையிலேயே இருந்தோம். ஒரு டயரைத் தெரிவு செய்வதும், வண்டிக்கான பாகமொன்றைத் தானே அடித்துப் பொருத்துவதும் வெறும் கைப்பழக்கம் என்றே அதுவரை நாங்கள் எண்ணியிருந்தோம். அது எவ்வளவு தவறு என்பது அங்கேதான் புரிந்தது. அந்த அறிவை நமது சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. நகரத்து இளைஞர்கள் அலங்காரமாகப் பார்க்கிறார்கள். எழுதுகிறவர்களாகிய நாம் பார்ப்பதே இல்லை. இவற்றில் சட்டத்தின் பார்வையைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்குமுன் டயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. பல்லாண்டுகள் அவற்றின் மேல் நாம் பயணம் செய்திருக்கிறோம், படித்ததில்லை. 235/75 ஆர் 15 என்றால் அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, வளையத்தின் விட்டம் 15 அங்குலம். ஆர் என்பது ரேடியல். அதையடுத்து வரும் எண் அந்த டயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும். 104 என்றிருந்தால் 900 கிலோ. பிறகு வரும் ஓர் எழுத்து வேகத்தின் எல்லை. இன்னோர் இடத்தில், சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். கடையில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் டயர் ஆறு வருடம் கிடங்கில் கிடந்ததா என்பதை இந்த நான்கு இலக்கங்கள்தாம் சொல்லும். ரப்பர் ஓடாமல் இருந்தாலும் மூப்படையும், இறுகும், பக்கவாட்டில் நரம்பு நரம்பாக வெடிக்கும். மேஸ்திரி முதலில் படிப்பது இதைத்தான். விலை கேட்பது கடைசியில்.

தரையைத் தொடும் பரப்பில் உள்ள மேடுகளை நமது பஞ்சர் கடைகளில் ‘பட்டன்’ என்கிறார்கள். பட்டன் தேய்ந்தால் மொட்டை. பள்ளங்களுக்குள் ஆங்காங்கே ஒரு சிறிய தடுப்பு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்து இறங்கிவிட்டால் ஈரச் சாலையில் நீரை வழித்து வெளியே தள்ளும் வழி அடைபட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வண்டி சாலையின் மேல் ஓடுவதில்லை, தண்ணீரின் மேல் வழுக்குகிறது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது, நல்ல தார்ச்சாலை. மேலே போய்த் தோட்டத்துக்குத் திரும்பியதும் செம்மண் சேறு, உருட்டுக்கல், வேர். ஒரே டயர் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். சேற்றுக்கென்றே செய்த டயரில் பட்டன்கள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. சுழலும்போது ஒட்டிய மண்ணை வீசியெறிந்து தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அந்த அகன்ற இடைவெளியின் காரணமாகவே தார்ச்சாலையில் அது தரையைத் தொடும் ரப்பர் குறைவு. மழை நேரத்தில், இறக்கத்தில், பதினைந்து பேருடன் பிரேக் அடித்தால் வண்டி நிற்க அதிகத் தொலைவு பிடிக்கும். சாலை டயரோ வளைவுகளில் உறுதியாக நிற்கும். தோட்டத்துச் சேற்றில் நான்கு சுற்றுச் சுற்றியதும் பட்டனெல்லாம் மண்ணால் நிரம்பி மொட்டையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. 1976இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் எல்லாத் தரைக்குமான ரேடியல் டயரை வெளியிட்ட பிறகு இந்த நடுவகை உலகெங்கும் பரவியது. நடுவகை என்றால் இரண்டிலும் கொஞ்சம் குறை என்றும் பொருள். எந்தக் குறையோடு வாழலாம் என்பதுதான் கேள்வி. “சேத்துல மாட்டுனா இறங்கித் தள்ளலாம் சார். வளைவுல மாட்டுனா எறங்க எடமே இல்ல” என்றார் மேஸ்திரி. ஆகவே அவர் தேர்வு சாலையின் பக்கம் சாய்ந்த நடுவகை.

நகரங்களில் இப்போது காணும் காட்சி இதற்கு நேர் எதிர். வாரக் கடைசியில் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் போவதற்கென்று, சேற்றையே காணாத வண்டிகளில் பெருத்த சேற்று டயர்களைப் பூட்டுகிறார்கள். 235/75 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் மாட்டினால் விட்டம் 787. ஏழு விழுக்காடு கூடுகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 64இல் போய்க்கொண்டிருக்கும். அது சிறிய விஷயம். சக்கரத்தின் ஆரம் கூடும்போது அதே பிரேக் அதே அழுத்தத்தில் தரையில் செலுத்தும் தடை குறைகிறது. ஆக்ஸிலின் மேல் முறுக்கு கூடுகிறது. ஸ்டியரிங் மூட்டுகள் சீக்கிரம் தளர்கின்றன. வண்டி உயரமாகத் தெரிகிறது என்பது மட்டுமே லாபம். படிக்காத புத்தகத்தை அலமாரியில் அடுக்குவதோடு இதை ஒப்பிடத் தோன்றுகிறது. ஆனால் அடுக்கிய புத்தகம் யார் மேலும் ஏறிவிடுவதில்லை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் எங்களை மிகவும் வியக்க வைத்தது அதுதான். ஒரு சக்கரம் 400 கிலோ சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பவுண்டு காற்றில் அது தரையில் பதிக்கும் தடம் தோராயமாக 190 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. காற்றைப் பாதியாகக் குறைத்தால் தடம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அதுவும் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம். மணலிலும் குழைந்த சேற்றிலும் புதையாமல் கடப்பதன் இரகசியம் குதிரைத்திறன் அல்ல, இதுதான். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மேல் ஓட்டும் வண்டிகளில் மிகப் பெரிய டயர்களைப் பூட்டி, காற்றை இரண்டு மூன்று பவுண்டுவரை இறக்கிவிடுகிறார்கள். ஆனால் அதே தளர்ந்த டயரோடு தார்ச்சாலையில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். டியூப் உள்ள டயரானால் வளையத்தின் மேல் டயர் நகர்ந்து, மவுத்தோடு டியூபைக் கிழித்துவிடும். இறக்கிய காற்றைத் திரும்பப் பிடிக்க வழியில்லாதவன் இறக்கக் கூடாது. இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

ரேடியலா, பழைய நைலான் டயரா என்ற வாதம் மலைப் பட்டறைகளில் இன்னும் ஓயவில்லை. ரேடியலின் இழைகள் குறுக்கே நேராகப் போகின்றன. தரைப்பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டை. ஆகவே சூடு குறைவு, தேய்மானம் குறைவு, எண்ணெய்ச் செலவு குறைவு. ஆனால் பக்கச்சுவர் மெல்லியது. கூரிய கல் அங்கே கிழித்தால் ஒட்டுப் போட முடியாது. பழைய வகையில் இழைகள் சாய்வாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கப்பட்டிருப்பதால் பக்கச்சுவர் முரடு. கல்லுக்குத் தாங்கும், சூடு தாங்காது. ஒரே ஆக்ஸிலில் இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லாப் பட்டறைகளுக்கும் ஒரே கருத்து. இதை மீறி ஓடும் வண்டிகளை அன்று காலையிலேயே இரண்டு பார்த்தோம்.

ரீட்ரேட் டயர் என்றால் முகம் சுளிப்பவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். இன்று நாட்டின் பெரிய டயர் நிறுவனமாக இருக்கும் எம்.ஆர்.எஃப். 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. 1952இல் அது டயர் உலகுக்குள் நுழைந்ததே தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் ரப்பரைச் செய்துதான். அதற்கும் முன்னால், 1942இல் மலேயா ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, நம்மவர்கள் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர் நேச நாடுகளுக்கு நின்றுபோயிற்று. பெட்ரோலுக்கும் அதே பஞ்சம். அந்நாளில் சென்னை மாகாணத்துப் பேருந்துகள் பின்னால் கரி உலை ஒன்றைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. அந்த உலைகளை உள்ளூரிலேயே செய்தார்கள், டி.வி.எஸ். உட்பட. அன்று வண்டியில் இல்லாத பாகத்தைச் செய்து பூட்டுவது குற்றமாக இல்லை. நாட்டுக்குச் செய்யும் உதவியாக இருந்தது.

இன்னும் பின்னால் போனால் ஜீப்பே அப்படிப் பிறந்ததுதான். 1940இல் அமெரிக்க இராணுவம் ஒரு சிறு வண்டி கேட்டு, மாதிரியைத் தர 49 நாள் கெடு விதித்தது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் இருந்த பாண்டம் என்னும் நொடிந்த நிறுவனம், இன்னொருவர் எஞ்சினையும் வேறொரு காருக்கான ஆக்ஸிலையும் மாற்றித் திருத்தி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. வில்லிஸும் ஃபோர்டும் இலட்சக்கணக்கில் செய்தது அதற்குப் பிறகு. 1947 முதல் மகிந்திரா இங்கே வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த கமாண்டர், மேஜர் முதலிய வண்டிகளின் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகின்றன. மலையில் அவை இன்னும் ஓடுகின்றன. கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய பாகங்களைத் தேடி எடுத்து வருகிறார்கள். கிடைக்காததை லேத்தில் கடைகிறார்கள். அரியானாவின் மண்டி டப்வாலியில் இதுவே ஓர் ஊரின் தொழிலாக இருக்கிறது.

மேஸ்திரியின் பட்டறையில் அவர் செய்த பொருள்களைப் பார்த்தோம். எஞ்சினின் அடிவயிற்றைக் கல்லிலிருந்து காக்கும் தகடு; ஆறு மில்லிமீட்டர் தகட்டை மடித்து, எண்ணெய் வடிக்கும் துளைக்கு நேராக வழிவிட்டு, நான்கு போல்ட்டில் கழற்றும்படி. சேற்றில் புதைந்த வண்டியைக் கட்டி இழுக்கும் கொக்கி; அதை பம்பரில் ஒட்டாமல் நேரே சேஸிஸில் பூட்டியிருந்தார். பம்பரில் ஒட்டிய கொக்கி இழுக்கும்போது பிய்ந்து வந்தால் குண்டைப் போலப் பாயும் என்றார். பெண்கள் ஏறுவதற்கு வாகாகப் பின்புறம் தாழ்வாக இரண்டு படி. இந்தப் படியைக் கம்பெனி தந்ததில்லை. முழங்கால் வலியோடு ஏறும் ஒரு கூலிப்பெண்ணைப் பார்த்தவர் செய்த படி அது.

செய்யாதவற்றின் பட்டியல்தான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. ஸ்டியரிங் கம்பி வளைந்தால் சூடேற்றி நிமிர்த்த மாட்டார். ஒடிந்தால் வெல்டு வைக்க மாட்டார். சக்கரத்தை வெளியே தள்ளி வைக்க லேத்தில் கடைந்த அலுமினிய வளையம் கேட்டு நகரத்திலிருந்து வந்த இளைஞர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒடிந்த வில்பட்டையை ஒட்ட மாட்டார். பட்டை கரிமம் மிகுந்த எஃகு. அளவாகச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதம் ஏற்றியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டு பார்வைக்கு உறுதியாக இருக்கும். பத்தாவது பள்ளத்தில் கண்ணாடி போல உடையும். உலோகவியல் படித்தவர் சொல்லும் அதே காரணத்தை அவர் வேறு சொற்களில் சொன்னார்: “அது தன் பொறப்ப மறந்துரும் சார்.”

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது எங்கள் நோக்கமல்ல. அவரே பட்டை கூட்டித் தருகிறார். ஐந்து பட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றினாலும் வண்டி தாழாமல் நிற்பதற்காக. இதில் நாங்கள் அவரோடு உடன்படவில்லை. பட்டையைக் கூட்டினால் வண்டி தாழாது, உண்மைதான். ஆனால் பாரம் குறைந்துவிடாது. ஆக்ஸிலும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் அதே பாரத்தைத்தான் சுமக்கின்றன. வண்டி தாழ்வது ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை அழிப்பதற்குப் பெயர் வலுவூட்டல் அல்ல. நண்பரொருவர் இதைச் சற்றுக் கடுமையாகவே சொன்னார். மேஸ்திரி கோபப்படவில்லை. “நான் போடலேன்னா வேற எடத்துல போடுவாங்க. அங்க பழைய பட்டைய வெட்டி வெப்பாங்க” என்றார். பழகிய விடைதான். எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் இதே விடையை வேறு சந்தர்ப்பங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஏற்க முடியவில்லை, ஆனால் அந்த வண்டியில் ஏறுபவர்களுக்கு வேறு வண்டி இல்லை என்பதையும் மறுக்க முடியவில்லை.

இனிச் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி எந்த வண்டியையும் உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், முன்னால் பூட்டும் இரும்புக் குழாய்த் தடுப்புகளை இதன்கீழ் நீக்கச் சொன்னது. அது சரியானதே. அந்தத் தடுப்பு மோதலின் அதிர்வை விழுங்காமல் சேஸிஸுக்குள் அனுப்புகிறது. நடந்து போகிறவரைக் கொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 52ஆவது பிரிவுக்கு மாறாக மாநில விதிகளைக் காட்டி வண்டியின் அமைப்பை மாற்ற முடியாது என்று உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்றது.

நோக்கத்தில் எங்களுக்கு மறுப்பில்லை. நகரத்தில் அலங்காரத்துக்காகச் சேஸிஸை வெட்டுபவர்களைப் பார்த்தால் இன்னும் கடுமையாக இருக்கலாமே என்றுகூடத் தோன்றும். எங்கள் மறுப்பு வேறு. சட்டம் ‘மாறியதா’ என்று மட்டும் கேட்கிறது. ‘எது, எதனால், எப்படி’ என்று கேட்பதில்லை. ஏறுவதற்கு வைத்த படியும், வெட்டிச் சேர்த்த ஸ்டியரிங் கம்பியும் அதற்கு ஒரே வகைக் குற்றம். உற்பத்தியாளரின் விவரமே இறுதி என்கிறது. உற்பத்தியாளர் செய்வதையே நிறுத்திவிட்ட வண்டியின் கிடைக்காத பாகத்துக்கு என்ன செய்வது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. எல்லாமே தடை என்னும்போது எல்லாமே மறைவில் நடக்கிறது. மறைவில் நடப்பதை எவரும் சோதிப்பதில்லை. எஃப்.சி. காட்டும் நாளுக்கு நல்ல டயர் வாடகைக்குக் கிடைக்கிறது என்று பட்டறையில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மாலையில் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு மொட்டையை மாட்டிக்கொள்ளலாம். மாற்றம் இல்லாத, விவரங்களெல்லாம் சரியாக உள்ள, சட்டத்துக்கு உகந்த மொட்டை.

சோதித்து அனுமதிப்பது நடவாத காரியமும் அல்ல. ஜெர்மனியில் வண்டியில் செய்த மாற்றத்தைத் தகுதி பெற்ற ஆய்வாளரிடம் காட்டி, அவர் ஏற்றால் வண்டியின் பத்திரத்தில் பதிந்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் பெரிய மாற்றங்களுக்கு அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று வேண்டும். நமது 52ஆவது பிரிவே, அங்கீகரிக்கப்பட்ட வாயுக் கருவியைப் பொருத்தி எரிபொருளை மாற்ற வழிவிடுகிறது. உடற்குறை உள்ளவர்களுக்காக வண்டியைத் திருத்தவும் இடம் தருகிறது. அப்படியானால் ஒரு மாற்றத்தைச் சோதித்து ஏற்க இந்த அரசுக்குத் தெரியும். மலைக் கூலிகளின் வண்டி அந்தச் சிரமத்துக்குத் தகுதியானதாக இதுவரை யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. 2007இல் தொடங்கிய பாஹா என்னும் போட்டியில் பொறியியல் மாணவர்கள் கரடுமுரடான தரையில் ஓடும் வண்டியைத் தாங்களே வடிவமைத்து, குழாயை வளைத்து, வெல்டு வைத்து, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு பல ஆண்டுகள் அது அங்கே நடந்தது. நடுவர்கள் ஒவ்வொரு மூட்டையும் பார்ப்பார்கள். பிரேக் அடித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் ஓட்ட அனுமதியில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதில் ஆர்வத்தோடு கலந்துகொண்டு பரிசுக் கோப்பைகளை வரவேற்பறையில் வைக்கின்றன. கையால் செய்வது அங்கே கல்வி, பட்டறையில் குற்றம். அந்த வண்டி பொதுச் சாலைக்கு வருவதில்லை, உண்மைதான். ஆனால் ஒரு கல்லூரியின் சோதனைக்கூடத்தால் மாணவர் செய்த வண்டியின் பிரேக்கைச் சோதிக்க முடியுமென்றால், மாதம் ஒரு சனிக்கிழமை அந்தக் கூடத்தின் கதவை மலை ஜீப்புகளுக்குத் திறந்துவிடுவதில் என்ன கஷ்டம்? மேஸ்திரி போன்றவர்கள் செய்த பாகத்தை அங்கே இழுத்தும் அழுத்தியும் பார்த்து, நிற்பதற்குச் சான்றும் நிற்காததற்கு விளக்கமும் தரலாம். அவர் கூட்டிய ஏழாவது பட்டைக்கும் அங்கே பதில் கிடைக்கும்; எங்கள் வாதத்தைவிட எடைமேடையின் எண்ணை அவர் மதிப்பார்.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். வயலையும் தறியையும் மீன்பிடித்தலையும் எழுதியிருக்கிறோம். பட்டறைக்குள் நமது உரைநடை போகும்போதெல்லாம் கிரீஸ் படிந்த சிறுவனின் ஏழ்மையைப் பார்த்து இரங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டதில்லை. பட்டை, பட்டன், மொட்டை, நடை, பதம் என்று நம் மொழி அங்கே தினமும் புதிய பொருள்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அகராதிகளுக்கு அது எட்டவில்லை. அன்று எங்களோடு வந்திருந்த கவிஞர் ஒருவர் குறிப்பேட்டில் சொற்களை எழுதிக்கொண்டே இருந்தார். மேஸ்திரிக்கு அது வேடிக்கையாக இருந்தது. “இதெல்லாம் எழுதுவீங்களா சார்?” என்று இரண்டு முறை கேட்டார்.

மாலையில் ஜீப்புகள் இறங்கி வந்தபோது நாங்கள் மீண்டும் அந்தக் கடையில் நின்றிருந்தோம். காலையில் சத்தம் போட்ட அம்மாள் இறங்கி, பின்புறப் படியில் காலூன்றி நின்று, செருப்பில் ஒட்டிய செம்மண்ணைக் கல்லில் தேய்த்தார். அரைநாள் போட்டுவிட்டார்களா என்று கேட்டோம். “போட்டுட்டான்” என்றார். மேஸ்திரி அதற்குள் இரவல் கொடுத்த டயரைக் கழற்ற ஜாக்கியோடு வந்துவிட்டார். அதன் உரிமையாளர் மறுநாள் காலையில் வருகிறாராம். அந்த ஜீப்பின் டிரைவர் பக்கத்தில் நின்று, புது டயருக்கு முன்பணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.